கட்டுமானத் தகராறும் வேலை வேகமும்: இரண்டையும் ஒரே நோட்டில் சமாளிப்பது எப்படி

"அந்தச் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிடுங்க, பேப்பர் அப்புறம் அனுப்புறேன்" என்று உரிமையாளர் தரப்பிலிருந்து போனில் சொன்னார்கள். கட்டினேன். எட்டு மாதம் கழித்து இறுதி பில்லில் அதற்கான கூடுதல் தொகையைக் கேட்டபோது, அப்படி ஒரு உத்தரவே நாங்கள் கொடுக்கவில்லை என்றார்கள். சொன்னவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார், என் கையில் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்; சைட்டில் யாருடைய வாய்ச்சொல்லும் அம்பலம் ஏறாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரும்பாலான இடங்களில் வேலை முன்னேற்றத்தைப் பார்க்க ஒருவர், ஒப்பந்தச் சண்டையைப் பார்க்க இன்னொருவர் என்று இரண்டு அறையில் உட்கார வைத்திருப்பார்கள். இதுவே தப்பு என்பது என் கட்சி. எந்தத் தகராறையும் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விதான் மிஞ்சும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, அந்த வித்தியாசத்துக்கு யார் பொறுப்பு. முதல் இரண்டும் வேலையை அளக்கிற விஷயம், மூன்றாவதுதான் சட்டம். அளவை ஒழுங்காக வைத்திருந்தால் மூன்றாவது கேள்விக்கு அதிலிருந்தே பாதி பதில் வந்துவிடும். நீங்கள் கட்டிடத்துக்குப் பணம் போடும் உரிமையாளராக இருந்தாலும் சரி, கான்ட்ராக்டராக இருந்தாலும் சரி, கீழே உள்ள படிகள் பொருந்தும்.

படி 1: ஒப்பந்தத்திலிருந்து தேதிகளை மட்டும் ஒரு தாளில் எடுங்கள்

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும்போது விலையைப் பார்ப்பார்கள், சண்டை வந்த பிறகுதான் மற்றதைப் படிப்பார்கள். சைட்டில் ஆள் இறங்கும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து, நாள் கணக்கு எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இடத்தை எப்போது ஒப்படைக்க வேண்டும், டிராயிங் கேட்டால் எத்தனை நாளில் தர வேண்டும், பில் கொடுத்தால் எத்தனை நாளில் சரிபார்த்துப் பணம் தர வேண்டும், தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு பிடித்தம், அதற்கு உச்சவரம்பு எவ்வளவு, கோரிக்கை வைக்க எத்தனை நாள் கெடு.

கடைசியில் சொன்னது உயிர்நாடி. சர்வதேச வேலைகளில் அதிகம் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்தின் 1999 பதிப்பில், கூடுதல் காலமோ பணமோ கேட்க நினைக்கும் கான்ட்ராக்டர், அந்த நிகழ்வு தெரிய வந்த (அல்லது தெரிந்திருக்க வேண்டிய) நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தவறினால் உரிமையே போய்விடும். 2017 பதிப்பில் அதே 28 நாள் கெடு உரிமையாளரின் கோரிக்கைக்கும் வந்துவிட்டது. விவரமான கோரிக்கையைத் தர 84 நாள். என்இசி என்ற இன்னொரு படிவத்தில் பொதுவாக 8 வாரம். உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்பதை அதிலேயே பாருங்கள், யாரோ சொன்ன பொதுக்கணக்கை நம்ப வேண்டாம். இந்த நிபந்தனை சில நாட்டுச் சட்டங்களில் அப்படியே செல்லும், சிலவற்றில் நீதிமன்றம் தளர்த்தும். ஆனால் நீதிமன்றத்தின் தயவை நம்பிக் கெடுவைத் தவறவிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

படி 2: முதல் அட்டவணையைச் சண்டைக்கும் தாங்குகிற மாதிரி போடுங்கள்

சுவரில் மாட்ட அழகாக இருக்கும் கலர் கோடுகள் உதவாது. ஒவ்வொரு வேலையும் எதற்குப் பிறகு வருகிறது என்ற தொடர்பு அட்டவணைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தச் சங்கிலி மொத்த முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும். அதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள், 1950களின் பிற்பகுதியில் உருவான கணக்கு. அந்தச் சங்கிலியில் இல்லாத வேலைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும், அது ஃப்ளோட்.

இது ஏன் தகராறுக்கு முக்கியம்? டைல்ஸ் தேர்வு செய்து தர உரிமையாளர் 10 நாள் தாமதித்தார், அந்த வேலைக்கு 15 நாள் ஃப்ளோட் இருந்தது என்றால், முடிவுத் தேதி ஒரு நாள்கூட நகராது. ஆகவே கால நீட்டிப்பும் கிடையாது. "அவங்க 10 நாள் லேட், எனக்கு 10 நாள் கொடு" என்று கேட்டு மூக்குடைபட்ட கான்ட்ராக்டர்கள் நிறைய. ஃப்ளோட் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், முதலில் எடுத்துக்கொள்பவருக்கே என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட நிலை.

அட்டவணை ஒப்புதலுக்கு வரும்போது பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். மென்பொருளின் மூலக்கோப்பையே வாங்கி, தேதி போட்டுப் பூட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் புதுப்பித்த கோப்பைத் தனிப் பெயரில் சேமியுங்கள், பழையதன் மேலேயே எழுதினால் வரலாறு அழிந்துவிடும்.

படி 3: தினக்குறிப்பு

இந்த ஒன்றை மட்டும் செய்து மற்ற ஒன்பதையும் விட்டாலும்கூட நீங்கள் பாதிப் பேரைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள் என்பேன். பெரும்பாலான சைட் டைரிகளில் "மழையால் வேலை பாதித்தது" என்று ஒரு வரி இருக்கும். இதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்து எதையும் நிரூபிக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 8:30 முதல் பகல் 1:00 வரை மழை. கிழக்குப் பக்கம் 4ஆம் அஸ்திவாரக் குழியில் சுமார் 40 செ.மீ. தண்ணீர். கம்பி கட்டும் 14 பேர், ஒரு எக்ஸ்கவேட்டர் சும்மா. 2:00 மணிக்கு பம்ப் போட்டோம், 4:15க்கு வடிந்தது. கம்பி வேலை இன்று தொடங்கவில்லை. மற்ற குழிகளில் வேலை நடந்தது, 9 பேர். படங்கள் 6."

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள், நமக்குப் பாதகமாக இருக்கக்கூடியதும் அதில் இருக்கிறது. எல்லாமே நமக்குச் சாதகமாக எழுதப்பட்ட டைரியை எந்த நடுவரும் நம்பமாட்டார். மற்ற குழிகளில் வேலை நடந்ததை ஒப்புக்கொள்கிற டைரி சொல்வதைத்தான் நம்புவார்.

தினமும் போக வேண்டியவை இவ்வளவுதான்: தொழில்வாரியாக ஆள் எண்ணிக்கை, ஓடிய இயந்திரம், சும்மா நின்ற இயந்திரம், வந்த பொருள், எந்த இடத்தில் என்ன வேலை எவ்வளவு, யார் வந்து என்ன சொன்னார்கள், என்ன தடை. அன்றே எழுத வேண்டும், அடுத்த நாள் காலையில் எழுதினாலே பாதி கரைந்துவிடும். முடிந்தால் இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரே குறிப்பாக வையுங்கள். எதிர்த்தரப்பு கையெழுத்திட மறுத்தால் விட்டுவிடாதீர்கள், அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பி, தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேருங்கள். மூடி மறையப்போகும் வேலைகள், அதாவது அஸ்திவாரம், கம்பி, சுவருக்குள் போகும் குழாய், இவற்றை மூடும் முன்பே சேர்ந்து அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். பிறகு உடைத்துப் பார்ப்பது யார் செலவில் என்று ஒரு தனிச் சண்டை வரும்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. சைட்டே அதில்தான் ஓடுகிறது, தடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் நோட்டீஸ் இன்ன வழியில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தால் குரூப்பில் போட்ட மெசேஜ் நோட்டீஸ் ஆகாது. வாராவாரம் உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமானதை அன்றே கடிதமாக்குங்கள்.

படி 4: வாராவாரம் அளங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. "வேலை நல்லா போயிட்டிருக்கு" என்பது அளவு இல்லை. "80 சதவீதம் முடிந்தது" என்பதும் அளவு இல்லை, அது ஒரு மனநிலை. கடைசி 20 சதவீதம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிற சைட்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம்.

எண்ணக்கூடியதை எண்ணுங்கள்: எத்தனை கன மீட்டர் காங்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை மீட்டர் குழாய். அதன் மேல் ஒரு சின்னக் கணக்கு. இன்றைய தேதிக்குத் திட்டப்படி 50 சதவீத வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 40, அதற்குச் செலவானது பட்ஜெட்டில் 48 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40ஐ 50ஆல் வகுத்தால் 0.8, வேகம் குறைவு. 40ஐ 48ஆல் வகுத்தால் 0.83, செலவு அதிகம். இதே போக்கில் போனால் மொத்தச் செலவு பட்ஜெட்டைவிடச் சுமார் 20 சதவீதம் கூடும். ஈட்டிய மதிப்பு முறை என்று பெரிதாகச் சொல்வார்கள், உள்ளே இருப்பது இந்த வகுத்தல்தான்.

ஆனால் இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். வேக எண், வேலை முழுதும் முடியும் நாளில் எப்படியும் 1க்கு வந்துவிடும், ஆறு மாதம் தாமதமாக முடித்தாலும்கூட! ஆகவே வேலையின் பிற்பாதியில் அது ஏமாற்றும், அங்கே கிரிட்டிக்கல் பாத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, சில கான்ட்ராக்டர்கள் முதலில் வரும் ஐட்டங்களின் ரேட்டை ஏற்றி, கடைசியில் வருபவற்றைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். பண மதிப்பில் மட்டும் பார்த்தால் ஆரம்பத்தில் வேலை பறப்பது போலத் தோன்றும்.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது வாக்குறுதிக் கணக்கு. திங்கட்கிழமை கூட்டத்தில் ஒவ்வொரு மேஸ்திரியும் இந்த வாரம் எதை முடிப்பேன் என்று சொல்ல வேண்டும். மொத்தம் 20 வாக்குறுதி, வாரக் கடைசியில் 13 முடிந்தது, 65 சதவீதம். பாதி முடிந்ததற்கெல்லாம் மார்க் கிடையாது, முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான். முடியாத 7க்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: டிராயிங் வரவில்லை, பொருள் வரவில்லை, முந்தைய வேலை முடியவில்லை, ஆள் வரவில்லை. மூன்று மாதம் இப்படி எழுதினால், வேலை ஏன் தாமதமாகிறது என்பதற்கு இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிய ஒரு பட்டியல் தானாகவே உருவாகியிருக்கும். சண்டைக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை, சண்டையைத் தவிர்க்கவும் இதைவிட நல்ல வழி இல்லை.

படி 5: மாற்றம் என்றால் முதலில் எழுத்து, பிறகு கரண்டி

டிராயிங் மாறும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றே இப்படி ஒரு மின்னஞ்சல்: "இன்று காலை சைட்டில் நீங்கள் சொன்னபடி 2ஆம் மாடியில் தடுப்புச் சுவரை 30 செ.மீ. தள்ளுகிறோம். இது ஒப்பந்த டிராயிங்கிலிருந்து மாற்றம் என்பது எங்கள் புரிதல். காலமும் விலையும் பிறகு தருகிறோம். தவறாகப் புரிந்திருந்தால் வேலை தொடங்கும் முன் சொல்லுங்கள்." ஐந்து நிமிட வேலை. தொடக்கத்தில் சொன்ன என் சுவருக்கு இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை.

உரிமையாளர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: உத்தரவு போட யாருக்கு அதிகாரம் என்று பெயரோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் ஒன்று, உரிமையாளர் வீட்டுப் பெரியவர் ஒன்று, சைட்டுக்கு வந்த நண்பர் ஒன்று சொன்னால் பில் மூன்று திசையிலிருந்து வரும்.

மாற்றங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் போடுங்கள், விலை பேசி முடிக்காதவற்றை மாதந்தோறும் தீருங்கள். கடைசியில் மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்று குவித்தால் ஒவ்வொன்றும் சின்னது, குவியல் மட்டும் யாருமே ஒப்புக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரியது.

படி 6: தாமதம் வந்தால் நோட்டீஸ் கொடுங்கள், உறவு கெடும் என்று தயங்காதீர்கள்

"நல்லாத்தானே போயிட்டிருக்கு, லெட்டர் போட்டா கோவிச்சுக்குவாங்க" என்ற தயக்கம்தான் இந்தத் தொழிலில் அதிகப் பணத்தைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: ஒப்பந்தப்படி நோட்டீஸ் அனுப்புவோம், அது சண்டை இல்லை, பதிவு. நோட்டீஸில் கோபம் வேண்டாம், வக்கீல் மொழியும் வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்த வேலையைப் பாதிக்கிறது, காலமும் பணமும் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம். போதும். தொகை தெரியாவிட்டாலும் நோட்டீஸ் போகட்டும், கணக்கு பின்னால் வரலாம்.

துணைக் கான்ட்ராக்டர்கள் இருந்தால் அவர்களுக்கு உங்கள் கெடுவைவிடக் குறுகிய கெடு வையுங்கள். உங்களுக்கு மேலே 28 நாள் என்றால் அவர்களுக்கு 14. இல்லாவிட்டால் அவர் 27ஆம் நாள் கொண்டுவந்து கொடுப்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இரு தரப்பும் ஒரே நேரத்தில் தாமதித்திருந்தால்? உரிமையாளர் டிராயிங் தரவில்லை, அதே நாட்களில் கான்ட்ராக்டரிடம் கம்பியும் இல்லை. இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டச் சங்கம் தாமதம் குறித்து வெளியிட்ட வழிகாட்டு நெறி (2002இல் வந்தது, 2017இல் இரண்டாம் பதிப்பு) சொல்வது, சுருக்கமாக: அப்படி உண்மையிலேயே இரண்டு தாமதங்கள் ஒன்றாக வந்தால் கான்ட்ராக்டருக்குக் காலம் கிடைக்கும், ஆனால் எப்படியும் தன் தவறாலேயே ஆகியிருக்கும் செலவைக் கேட்க முடியாது. அது ஒப்பந்தமும் இல்லை, சட்டமும் இல்லை; ஆனாலும் பேச்சுவார்த்தைக்கு நியாயமான தொடக்கம்.

வேலை நின்றுபோகாமல் தடங்கலால் மெதுவானால் நிரூபிப்பது கஷ்டம். அதற்கு ஒரு எளிய வழி: தடங்கல் இல்லாத பகுதியோடு ஒப்பிடுங்கள். தடையில்லாத மாடிகளில் ஒரு ஜோடி ஒரு நாளில் 12 சதுர மீட்டர் பூசியது, தடங்கல் வந்த மாடியில் 8தான் பூச முடிந்தது, அங்கே மொத்தம் 960 சதுர மீட்டர். 80 ஜோடி நாளில் முடிய வேண்டியது 120 ஆனது, இழப்பு 40. படி 3ஐச் செய்திருந்தால் இந்த எண்கள் உங்களிடம் இருக்கும். செய்யாவிட்டால் இந்தப் பத்தியைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

படி 7: கான்ட்ராக்டர் பின்தங்கினால்

திட்டுவதால் வேலை வேகமெடுத்ததாக வரலாறு இல்லை. முதலில் உங்கள் பக்கக் கடன்களைப் பாருங்கள்: பில் பாக்கி, டிராயிங் பாக்கி, முடிவு பாக்கி. பணம் மூன்று மாதமாக நிற்கும்போது ஆள் ஏன் குறைகிறார்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவை சரியென்றால், எழுத்தில் மீட்புத் திட்டம் கேளுங்கள். "ஆளைக் கூட்டுகிறோம்" என்பது திட்டம் ஆகாது. எந்த வாரம் எந்தத் தொழிலில் எத்தனை பேர், எவ்வளவு உற்பத்தி, எந்தத் தேதியில் இழந்ததை மீட்பார்கள் என்று இருக்க வேண்டும். அதை வாராவாரம் அளங்கள்.

கூடுதல் ஷிஃப்ட் போடச் சொல்கிறவர் யார் செலவில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டருக்கு நியாயமாக வர வேண்டிய கால நீட்டிப்பை மறுத்துவிட்டு, பழைய தேதிக்கே முடி என்று அழுத்தினால், அந்தச் செலவு பின்னால் உங்கள் வாசலுக்கே கோரிக்கையாக வரலாம்.

ஒப்பந்தத்தை ரத்து செய்வது கடைசிக் கதவு. நோட்டீஸ் வரிசை, அவகாச நாட்கள் இதில் ஒன்று பிசகினாலும் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடக்கூடும். இந்த ஒரு இடத்தில் வக்கீல் செலவைப் பார்க்காதீர்கள். ரத்து செய்த அன்றே இரு தரப்பும் சேர்ந்து அளவெடுத்து, கிடக்கும் பொருளைப் பட்டியலிட்டு, வீடியோ எடுத்த பிறகுதான் அடுத்த கான்ட்ராக்டரின் ஆள் உள்ளே கால் வைக்க வேண்டும். அவர் கை வைத்த பிறகு எது யாருடைய குறை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

படி 8: பேச்சுக்கு உட்காரும் முன் எண்களை முடியுங்கள்

யார் தப்பு என்பதில் தொடங்கும் கூட்டம் காபியோடு முடியும். இரு தரப்பு இன்ஜினியர்களும் முதலில் அளவை மட்டும் ஒத்துக்கொள்ளட்டும்: "பொறுப்பு யாருடையது என்பது தனி, ஆனால் அளவு 312 கன மீட்டர்தான்." பிறகு ஒரு அட்டவணை: ஐட்டம், கேட்பவர் சொல்வது, மறுப்பவர் சொல்வது, தொகை, ஆதாரம். ஒவ்வொரு வரியாகப் போங்கள். நாற்பது ஐட்டத்தில் உண்மையான கருத்து வேறுபாடு ஏழெட்டில்தான் இருக்கும், மீதி எல்லாம் கூட்டல் பிழை, பழைய டிராயிங், இருமுறை எண்ணியது.

சைட்டில் தினமும் முட்டிக்கொள்கிற இருவரையே தீர்க்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டிருக்கும். இத்தனை நாளில் தீராவிட்டால் மேலே போகும் என்று முதலிலேயே ஒரு கெடு வையுங்கள்.

படி 9: மூன்றாம் ஆள்

சமரசப் பேச்சில் நடுவில் இருப்பவர் தீர்ப்பு சொல்லமாட்டார், பேச வைப்பார். செலவு குறைவு, தொழில் உறவும் மிஞ்ச வாய்ப்பு உண்டு, அதனால் முதலில் இதைப் பாருங்கள். பெரிய வேலைகளில் தொடக்கத்திலேயே ஒன்று அல்லது மூன்று பேர் கொண்ட தகராறு வாரியம் அமைப்பார்கள். 1970களில் அமெரிக்காவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வேலையில் இது நல்ல பலன் தந்த பிறகு பரவியது. ஃபிடிக் 2017 படிவத்தில் வாரியம் பொதுவாக 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும், ஏற்காதவர் 28 நாளில் அதிருப்தி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அதுவே இறுதி. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அட்ஜுடிகேஷன் என்ற விரைவு முறை உண்டு, அடிப்படைக் கெடு 28 நாள். முதலில் பணத்தைக் கட்டு, வாதத்தைப் பிறகு வைத்துக்கொள் என்பது அதன் போக்கு.

அடுத்து ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்வது. 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை இருப்பதால் ஒரு நாட்டில் கிடைத்த நடுவர் தீர்ப்பை அதில் சேர்ந்த மற்ற நாடுகளில் நிறைவேற்ற முடியும், இரு தரப்பும் வெவ்வேறு நாடு என்றால் இது பெரிய பலம். ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுவர் கட்டணம், வக்கீல், நிபுணர் எல்லாம் கூட்டி, கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுவிட்டுப் போங்கள். இதெல்லாம் நடக்கும்போதும் ஒப்பந்தம் அனுமதிக்காமல் வேலையை நிறுத்தக் கூடாது.

படி 10: கணக்கை மூடுவது

முடிந்த பகுதியின் அளவை அந்தந்த மாதமே இறுதியாக்கிக்கொண்டு வந்தால் கடைசி பில் வெறும் கூட்டல். குறைப்பட்டியலை ஒரே முறை, இரு தரப்பும் நடந்து பார்த்துப் போடுங்கள். வாரம் ஒரு புதுப் பட்டியல் வந்தால் பிடித்து வைத்த ரிடென்ஷன் தொகை திரும்பவே வராது. தீர்த்துக்கொண்டோம் என்று கையெழுத்திடும் தாளில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று தனித்தனியாக எழுதுங்கள். "முழுமையும் இறுதியுமாக" என்று ஒரே வரி போட்டுவிட்டு, பிறகு மறந்துபோன மாற்றம் ஒன்றுக்குப் பணம் கேட்டால் கிடைக்காது.

சைட் ஆபீஸைக் காலி செய்யும் நாளில் டைரி, படங்கள், கம்பிப் பட்டியல், காங்கிரீட் கட்டிகளின் 7 நாள், 28 நாள் சோதனை அறிக்கைகள், மாதாந்திர அட்டவணைக் கோப்புகள், எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துத் தனித்தனி இடத்தில் வையுங்கள். உங்கள் நாட்டில் வழக்குப் போட எத்தனை ஆண்டு கெடுவோ அத்தனை ஆண்டு அவை இருக்க வேண்டும். சைட் இன்ஜினியரின் சொந்த நம்பரையும் அவர் கிளம்பும் முன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி சிம் கார்டை அன்றைக்கே திருப்பி வாங்கிவிடுவார்கள்.